பிக்கப்பின் ஏர் பேக்: காற்றும் சத்தமும் ஒரே கணக்கு

ஏர் பேக் என்றதும் விபத்து நேரத்தில் ஸ்டியரிங்கிலிருந்து வெடித்து வரும் பையை நினைக்க வேண்டாம். இது வண்டியின் அடியில், ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவில் உட்கார்ந்து எடையைத் தாங்கும் ரப்பர் பை. அமெரிக்காவில் பிக்கப் வைத்திருப்பவர்களில் இரண்டு கூட்டம் இதைத் தேடி வாங்கி மாட்டுகிறது. ஒன்று, டிரெய்லர் இழுப்பவர்கள். பின்னால் படகோ குதிரை டிரெய்லரோ மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, மூக்கு மேலே தூக்கி, ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். அதைச் சரிக்கட்ட, இருக்கிற லீஃப் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஒரு ஜோடி பை. இன்னொரு கூட்டம், நிறுத்தியதும் வண்டியைத் தரையோடு தரையாகப் படுக்க வைக்கிறவர்கள். கலிஃபோர்னியா, டெக்சாஸ் பக்கம் ஷெவி எஸ்10, மாஸ்டா பி2000 மாதிரி சின்ன பிக்கப்புகளில் தொடங்கிய பித்து அது; அவர்களுக்கு ஸ்பிரிங்கே கிடையாது, நாலு மூலையிலும் பைதான்.

இரண்டு கூட்டமும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். காற்றை எதிலிருந்து கொடுப்பது, கம்ப்ரசர் போடும் இந்தச் சத்தத்தை என்ன செய்வது? பெரும்பாலும் இதை இரண்டு தனித்தனிப் பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, முதலில் கிடைத்த கம்ப்ரசரை மாட்டிவிட்டு, அப்புறம் ரப்பரும் ஸ்பாஞ்சும் தேடி அலைகிறார்கள். எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. எவ்வளவு காற்று தேவை, எத்தனை முறை தேவை, எவ்வளவு வேகமாகத் தேவை என்று முதலில் கணக்குப் போட்டால் சத்தத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும்.

துணைப் பையிலிருந்தே தொடங்குவோம். காற்றழுத்தத்தை டயர் கடை பாஷையில் பவுண்டு என்றே சொல்கிறேன், அதாவது பிஎஸ்ஐ. துணைப் பைகளுக்குப் பொதுவாகக் குறைந்தது 5 பவுண்டு, அதிகபட்சம் 100 பவுண்டு என்று வரம்பு வைத்திருப்பார்கள். வெறும் வண்டியாக ஓடும்போதும் அந்த 5 இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பை மடிந்து தன்னைத்தானே உரசிக்கொண்டு கிழியும். (இடையில் ஒன்று: பை மாட்டியதால் வண்டி ஏற்றக்கூடிய எடை கூடிவிடாது. ஆக்சில், பிரேக், டயர் எல்லாம் பழையதுதானே. வண்டி மட்டமாக நிற்கும், அவ்வளவுதான்.) இப்போது கணக்கு. ஒரு பை சுமார் 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பையை 5-லிருந்து 50 பவுண்டுக்கு ஏற்ற, இன்னும் நெருக்காத வெளிக்காற்றாகக் கணக்கிட்டால் 19 லிட்டர் கூட வேண்டாம். அதாவது ஒன்றுமே இல்லை. வீட்டு கேரேஜில் இருக்கும் கம்ப்ரசர் சில நொடிகளில் முடித்துவிடும். வாரக் கடைசியில் மட்டும் படகு இழுக்கிறவருக்கு வண்டியில் கம்ப்ரசர் எதற்கு? டயரில் இருப்பதுபோன்ற வால்வு நிப்பிளை நம்பர் பிளேட் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டால் போதும். இதைவிட அமைதியான ஏற்பாடு கிடையாது.

அந்த நிப்பிள் விஷயத்தில் ஒரு சின்ன கஞ்சத்தனம் பெரிய தொல்லை தரும். இரண்டு பைக்கும் சேர்த்து ஒரே நிப்பிள், நடுவில் ஒரு டி இணைப்பு என்று முடித்துவிடுகிறார்கள். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது, அமுங்குகிற பையிலிருந்து காற்று எதிர்ப்பக்கப் பைக்கு ஓடிவிடும். எந்தப் பக்கம் தாங்க வேண்டுமோ அந்தப் பக்கமே கை கொடுக்காது, சாய்வு இன்னும் கூடும். இரண்டு நிப்பிள், இரண்டு தனிக் குழாய் போடுங்கள். செலவு அதிகமில்லை.

தினமும் சுமை மாறுகிறவர்களுக்கு, காலையில் டிரெய்லர், மதியம் வெறும் வண்டி, சாயங்காலம் தொட்டி நிறைய மணல் என்று ஓடுகிறவர்களுக்கு, வண்டியிலேயே கம்ப்ரசர் வேண்டும்தான். அவர்களுக்கும் சின்னதே போதும். காற்றைச் சேர்த்து வைக்கும் டேங்க் கூட இல்லாமல் நேரே பைக்குக் காற்றடிக்கிற கிட்டுகள் இருக்கின்றன.

தரையோடு படுக்க வைக்கிறவர் கதை வேறு. நாலு பை, மொத்தம் 12 லிட்டர், காலியிலிருந்து 80 பவுண்டு. வெளிக்காற்றுக் கணக்கில் 66 லிட்டர் வரும். இவ்வளவையும் கம்ப்ரசரே நேரடியாகத் தர வேண்டுமென்றால் ஒன்றரை நிமிடத்துக்கு மேல் நின்று வேடிக்கை பார்க்க வேண்டும், ஏனென்றால் நல்ல 12 வோல்ட் கம்ப்ரசரே அழுத்தம் ஏறியபின் நிமிடத்துக்கு 40 லிட்டர் பக்கம்தான் தரும். அதனால்தான் டேங்க். வழக்கமான 5 கேலன், அதாவது 19 லிட்டர் டேங்கை 150 பவுண்டில் நிரப்பி வைத்தால், ஒரு முறை வண்டியைத் தூக்கியதும் 100 பவுண்டுக்கு இறங்கும். இரண்டாவது முறை தூக்க முயன்றால் பாதியில் நிற்கும், ஏனென்றால் பைக்கு 80 வேண்டும், டேங்க் அதற்கு முன்பே அதற்குக் கீழே போயிருக்கும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பெரிய டேங்க் போட்டால் கம்ப்ரசர் குறைவாக ஓடும் என்று நம்பி இரண்டாவது டேங்கும் வாங்குவார்கள். அது நடக்காது. நீங்கள் செலவழித்த காற்றை எப்போதாவது திரும்ப அடைத்தாக வேண்டும், மொத்த ஓட்ட நேரம் அதேதான். பெரிய டேங்க் செய்வது, அந்த நேரத்தைத் தள்ளிப்போடுவதும் சேர்த்து வைப்பதும். ஆனால் அது சாமானிய லாபம் இல்லை. டேங்க் அழுத்தத்தைப் பார்த்துக் கம்ப்ரசரைத் தானாக ஓட்டி நிறுத்தும் அழுத்த ஸ்விட்ச் 110-இல் தொடங்கி 145-இல் நிற்பதாக இருந்தால், டேங்க் பெரிதாகும்போது அது அடிக்கடி கத்தாமல் எப்போதாவது ஒருமுறை நீளமாக ஓடும். அந்த ஓட்டத்தை நெடுஞ்சாலையில் எஞ்சின், டயர் சத்தத்துக்குள் ஒளித்துவிடலாம். கம்ப்ரசருக்கு மின்சாரம் திறந்துவிடும் ரிலேவுக்கு முன்னால் டேஷ்போர்டில் சாதாரண ஆன், ஆஃப் ஸ்விட்ச் ஒன்று வைத்துவிட்டால், ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது கம்ப்ரசரை வாய் மூட வைக்கலாம், காலையில் ரோட்டில் ஏறியதும் திறந்துவிடலாம். ஒரு காசு ரப்பர் செலவில்லாத அமைதி இது.

சரி, கம்ப்ரசர் ஓடத்தான் போகிறது, அதன் சத்தம் எங்கிருந்து வருகிறது? முக்கால்வாசி கம்ப்ரசரிலிருந்தே வருவதில்லை. பிக்கப்பின் பின்தொட்டித் தரையில் நாலு போல்ட்டில் இறுக்கி மாட்டியிருப்பார்கள், தகரம் முழுக்கத் தவில் தோல் மாதிரி அதிரும். சந்தேகம் இருந்தால் போல்ட்டைக் கழற்றி, பழைய குளியல் துண்டை நாலாக மடித்து அதன்மேல் கம்ப்ரசரை வைத்து, ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். (தலைப்பகுதி சூடேறும், துண்டு அதில் படாமல் இருக்கட்டும்.) அடிவயிற்றில் கேட்கிற அந்த உறுமல் காணாமல் போய், வெறும் டகடக மட்டும் மிஞ்சும். காணாமல் போனது அதிர்வு, மிஞ்சியது காற்றில் வரும் சத்தம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

அதிர்வுக்கு முதல் வைத்தியம் இடம். தகரத்தை விட்டு சேசிஸ் சட்டத்துக்குக் கொண்டுபோங்கள்; அது கனமான இரும்பு, எளிதில் பாடாது. அடுத்தது ரப்பர், அதுவும் மெத்தென்ற ரப்பர். கம்ப்ரசரோடு வருகிற ரப்பர் புஷ்கள் பெரும்பாலும் கல்லு மாதிரி இருக்கும், அதன்மேல் போல்ட்டை முழு பலத்தோடு முறுக்கினால் அதுவும் பிதுங்கி உள்ளே இருக்கும் ஸ்லீவ் இரண்டு பக்கமும் முட்டிக்கொள்ளும். இரும்பு இரும்பைத் தொட்டுவிட்டால் ரப்பர் இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இரண்டு முனையிலும் தனித்தனி ஸ்டட் (மரை போட்ட தண்டு) உள்ள, நடுவில் ரப்பர் மட்டுமே இருக்கிற மவுண்ட் வாங்குங்கள். கம்ப்ரசரை முதலில் ஒரு கனமான இரும்புத் தகட்டில் பூட்டி, அந்தத் தகட்டை மெத்தென்ற ரப்பரில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது, எடை கூடக் கூட அதிர்வு கீழே போவது குறையும். இவ்வளவும் செய்துவிட்டு வெளியேறும் குழாயை விறைப்பான பைப்பில் போட்டால் அதிர்வு அந்த வழியாகவே சேசிஸுக்கு வந்துவிடும். கம்ப்ரசரோடு வருகிற அந்தக் கம்பி பின்னிய ஹோஸை அப்படியே விடுங்கள். வெளியே வரும் காற்று கொதிக்கும், பிளாஸ்டிக் குழாயை நேரே அங்கே மாட்டினால் உருகிவிடும், அதற்காகவும்தான் அந்த ஹோஸ்.

காற்றில் வரும் சத்தத்தில் பெரிய பங்கு உள்ளிழுக்கும் வாயிலிருந்து. பிஸ்டன் ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு மூச்சு, நிமிடத்துக்குச் சில ஆயிரம் மூச்சு. அந்தச் சின்ன ஃபில்டரைக் கழற்றி, தாராளமான விட்டமுள்ள ஒரு ஹோஸ் போட்டு ஃபில்டரைத் தள்ளி, தண்ணீர் தெறிக்காத உயரமான இடத்தில் வைத்தால் சத்தமும் அங்கே போய்விடும், கம்ப்ரசருக்குச் சுத்தமான காற்றும் கிடைக்கும். ஹோஸ் மெலிதாக இருந்தால் மூச்சுத் திணறி அதிக நேரம் ஓடும், அது ஆதாயம் இல்லை.

கடைசி ஆசை எல்லோருக்கும் பெட்டிதான். கம்ப்ரசரை மரப்பெட்டியில் போட்டு ஸ்பாஞ்ச் ஒட்டி மூடிவிட்டால் சத்தம் தீர்ந்ததே! தீரும், கூடவே கம்ப்ரசரும் தீர்ந்துபோகும். இவை எண்ணெய் இல்லாமல் ஓடுபவை, சூட்டை வெளியே தள்ள சுற்றியிருக்கும் காற்றைத்தான் நம்பியிருக்கின்றன. பல கம்ப்ரசர்கள் 100 பவுண்டு அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஓடலாம், மீதி நேரம் ஆற வேண்டும் என்றே விற்கப்படுகின்றன. டெக்சாஸ் ஆகஸ்டு வெயிலில் மூடிய பெட்டிக்குள் அதை ஓட்டினால் உள்ளே இருக்கும் வெப்ப கட்ஆஃப் நிறுத்திவிடும், கட்ஆஃப் இல்லாத மலிவு ரகம் என்றால் பிஸ்டன் சீல் போகும். பெட்டி வேண்டுமென்றால் காற்று வளைந்து வளைந்து போகிற வழியும் ஒரு ஃபேனும் வைத்துச் செய்யுங்கள். இல்லையென்றால் பெட்டியை மறந்துவிடுங்கள்.

இதுவரை சொன்னது காற்றை அடைக்கும் சத்தம். விடுகிற சத்தம் வேறு ஜாதி. பையைக் காலி செய்யும்போது வால்விலிருந்து வரும் அந்த "டஷ்ஷ்ஷ்" சிலருக்குப் பெருமை, பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும்போது வேதனை. பைக்குள் அழுத்தம் சுமார் 13 பவுண்டைத் தாண்டியிருந்தாலே காற்று வால்வின் குறுகிய இடத்தை ஒலியின் வேகத்தில் கடக்கிறது, 80 பவுண்டு இருந்தால் கேட்கவே வேண்டாம். ஜெட் விமானங்களின் இரைச்சலை ஆராய்ந்த ஜேம்ஸ் லைட்ஹில் 1952-இல் காட்டியது, பீறிடும் காற்றின் ஒலி ஆற்றல் வேகத்தின் எட்டாவது அடுக்கோடு உயரும் என்பது. வேகத்தைப் பாதியாக்கினால் ஒலி ஆற்றல் 256-இல் ஒரு பங்காக இறங்கும். பித்தளைப் பொடியை வார்த்த மாதிரி இருக்குமே, அந்த விரல் நுனி அளவு சைலன்சர், அது செய்வது இதைத்தான்: ஒரே பெரிய பீறலை ஆயிரம் சின்னக் கசிவாகப் பிரித்து வேகத்தைக் கொல்கிறது. கூடவே சத்தம் உச்ச சுருதிக்கு ஏறுவதால் தூரம் போவதற்குள் தேய்ந்துவிடும்.

ஆனால் வேகமாக விழ வேண்டும், சத்தமும் கூடாது என்றால் இயற்பியல் ஒத்துக்கொள்ளாது. அரை இஞ்ச் குழாயும் பெரிய வால்வும் போட்டு வண்டியை ஒரே நொடியில் விழவைத்துவிட்டு, அதன் வாயில் சின்ன சைலன்சரைச் சொருகினால் அது தடையாக நிற்கும், வண்டி மெதுவாகவே இறங்கும். பெரிய சைலன்சர் வைக்கலாம், அல்லது வெளியேறும் காற்றை ஒரு ஹோஸ் வழியாக சேசிஸ் சட்டத்துக்குள் விடலாம். என்னைக் கேட்டால் தினசரி ஓட்டும் வண்டிக்குக் கால் இஞ்ச் குழாயே போதும். மெதுவாக எழும், மெதுவாக இறங்கும், யாரையும் எழுப்பாது.

அப்புறம் கசிவு. அமைதியான வண்டி திடீரென்று காலையில் சாவியைத் திருப்பியதும் கத்தத் தொடங்கினால் கம்ப்ரசரைச் சந்தேகப்படாதீர்கள், ராத்திரி டேங்க் வடிந்திருக்கிறது. காரணம் பெரும்பாலும் அற்பமானது. அந்த நைலான் குழாயைக் கட்டிங் பிளேயரால் நறுக்கியிருப்பார்கள். முனை சப்பையாகி, ஒரு பக்கம் சாய்ந்து, ஓரத்தில் ஒரு மெல்லிய கீறல் இருக்கும். இணைப்பின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் வட்டமான, நேராக வெட்டிய குழாயைத்தான் கவ்வும். அதற்கென்றே இருக்கும் கட்டரில் வெட்டி, கிளிக் என்று அடியில் போய் உட்காரும்வரை தள்ள வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சோப்பைத் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால் பெரிய கசிவு உடனே நுரைக்கும்; சின்னது, அரை நிமிடம் பார்த்துக்கொண்டே நின்றால்தான் வெள்ளை நுரை கடுகளவு எழும்பும். அந்தக் கடுகுதான் ராத்திரி முழுக்க டேங்கை வடிக்கிறது. திருகு மரைகளுக்கு டெஃப்லான் டேப் சுற்றுகிறவர்கள் முனையில் ஒன்றிரண்டு மரையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள், பிய்ந்து உள்ளே போகும் துணுக்கு நேராக வால்வு மூடி உட்காரும் இடத்தில் போய் மாட்டிக்கொண்டு அதையும் கசிய வைக்கும். ஏர் சஸ்பென்ஷனுக்கு ஆரம்பத்திலிருந்தே கெட்ட பெயர் வாங்கித் தந்தது கசிவுதான். 1957-இல் காடிலாக் எல்டொராடோ புரோம் நாலு பக்கமும் காற்றோடு வந்தது, அதன் சொந்தக்காரர்கள் பலர் கசிவு தாங்காமல் பழையபடி காயில் ஸ்பிரிங்குக்கு மாறிக்கொண்டார்கள்.

ஈரம் இதைவிட மெதுவாகக் கொல்லும். மெக்சிகோ வளைகுடாக் கரையோரம் 30 டிகிரியில் புழுக்கமான நாள் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் இருபது கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். அதை டேங்க் அழுத்தத்துக்கு நெருக்கி ஆறவிட்டால் அதில் பெரும்பகுதி தண்ணீராக விழும். மேலே சொன்ன 66 லிட்டர் கணக்குப்படி நாலு முறை வண்டியைத் தூக்கினால் ஒரு டீஸ்பூன் தண்ணீர். மாதக்கணக்கில் வடிக்காமல் விட்டால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும், துருத்தூள் வால்வுக்கு வரும், மினசோட்டா மாதிரி ஊரில் குளிர்காலத்தில் வால்வும் சைலன்சரும் உறைந்து வண்டி எழவே மறுக்கும். டேங்கின் மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகுழாய், கம்ப்ரசருக்கும் டேங்குக்கும் நடுவில் முடிந்தவரை நீளமான குழாய்: காற்று ஆறி வந்தால் தண்ணீரை வழியிலேயே பிடித்துவிடலாம்.

மின்சாரக் கம்ப்ரசரே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்று, எஞ்சினே ஓட்டும் கம்ப்ரசர். பழைய ஃபோர்டு, வால்வோ, ஜீப்புகளில் ஏசிக்காக வந்த யார்க் கம்ப்ரசரைப் பழைய இரும்புக் கடையில் பிடித்து பெல்ட்டில் மாட்டுவார்கள். பெரிய மாடல் ஒரு சுற்றுக்கு 10 கன இஞ்ச் இழுக்கும், 2000 சுற்றில் கணக்களவில் நிமிடத்துக்கு 300 லிட்டருக்கு மேல். மேலே பார்த்த 40 எங்கே, இது எங்கே! அதன் சத்தமும் எஞ்சின் சத்தத்தில் கரைந்துவிடும். யார்க்குக்குச் சொந்தமாக எண்ணெய்த் தொட்டி உண்டு என்பதால்தான் இந்த வேலைக்கு ஒத்துவருகிறது. பின்னால் வந்த சாண்டன் மாதிரி கம்ப்ரசர்கள் ஏசி கேஸோடு கலந்து சுற்றும் எண்ணெயை நம்பியவை, வெறும் காற்றை இழுக்கவிட்டால் காய்ந்து இறுகிவிடும், எண்ணெய் சொட்டவைக்க ஏற்பாடு செய்தாக வேண்டும். எதுவானாலும் காற்றோடு எண்ணெய்ப் புகையும் வரும், பிரிப்பான் அவசியம். எஞ்சின் நின்றால் காற்றும் நின்றது என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்று சிலிண்டர். கார்பன் டை ஆக்சைடு ஒரு கிலோ சுமார் 500 லிட்டர் வாயு தரும், உள்ளே திரவமாக இருப்பதால் சின்ன சிலிண்டரில் நிறைய அடங்கும். துளி ஈரம் இல்லை, மோட்டார் இல்லை, அடைக்கும் சத்தமே இல்லை. ரெகுலேட்டர் வைத்து 150 பவுண்டுக்கு இறக்கினால் வேலை முடிந்தது. ஷோவுக்கு மட்டும் வெளியே வரும் வண்டிக்கு இதுவே உத்தமம். தினசரி என்றால் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சிலிண்டரை நிமிர்த்தியே கட்ட வேண்டும், சாய்த்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் போகும். கேபினுக்குள் மட்டும் வைக்காதீர்கள், மூடிய இடத்தில் கசிந்தால் ஆளைச் சாய்த்துவிடும்.

பெரிய லாரிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. பிரேக்குக்காக எஞ்சினில் கம்ப்ரசர் ஏற்கனவே இருக்கிறது. அமெரிக்க டிராக்டர் லாரிகளில் சுமார் 100 பவுண்டில் நிரப்பத் தொடங்கி 125-இல் நிறுத்தும், பைக்கும் அதே காற்று, பிரேக் அழுத்தம் குறைந்தால் பையை வெட்டிவிட ஒரு பாதுகாப்பு வால்வு. லாரி நிற்கும்போது திடீரென்று ஒரு "புஸ்" கேட்குமே, அது ஏர் டிரையர் சேர்த்த தண்ணீரைத் துப்புவது. நம்மூரில் 2001-இல் வந்த வால்வோ பி7ஆர் பஸ்ஸில் போனவர்களுக்கும் பழக்கமான சத்தம்தான் இது. சாதாரண பிக்கப்பில் பிரேக் ஆயிலில் ஓடுகிறது, இரவல் வாங்கக் காற்று இல்லை.

கம்பெனியே இதைத் தீர்த்த விதம் ஒன்று உண்டு. 2013 ராம் 1500-இல் நாலு மூலை ஏர் சஸ்பென்ஷன் வந்தபோது அதை மூடிய சுற்றாகச் செய்தார்கள். இறக்கும்போது காற்று வெளியே போவதில்லை, திரும்ப டேங்குக்கே போகிறது. ஏற்றும்போது கம்ப்ரசர் வெளிக்காற்றை முதலிலிருந்து நெருக்க வேண்டியதில்லை, ஏற்கனவே அழுத்தமாக இருப்பதை இடம் மாற்றினால் போதும். "டஷ்" இல்லை, ஈரம் உள்ளே வர வழியில்லை, ஓட்ட நேரமும் குறைவு. வீட்டில் கட்டும் வண்டிக்கு இதைக் காப்பியடிக்க நினைப்பவர்கள், நான் பார்த்தவரை, கடைசியில் சாதாரண டேங்க், வால்வுக்கே திரும்பி வருகிறார்கள். மூடிய சுற்றில் கடுகளவு கசிவு வந்தாலும் தானாக நிரப்பிக்கொள்ள முடியாது, சரியான கருவி உள்ள ஒர்க்‌ஷாப்புக்குத்தான் ஓட்ட வேண்டும்.